உபயதாரரிடம் கையெழுத்துக் கேட்ட படலம்

“உள்ள போறதுக்கு முன்னாடி இந்த நோட்டுல கையெழுத்துப் போடுங்க!”

கேளீர், தணிகைச் சாரல் வாழ் நன்மக்களே! யாரிடம் கேட்டாலும் இவனிடம் மட்டும் கேட்காதே என்று தலைமையாசிரியை கௌரியம்மாள் மும்முறை ஓதியிருந்தும் கேட்டுவிட்டவளும், கழனிக் கூலிக் குடியின் முதற்பட்டதாரியும், அரசுப்பள்ளி அலுவலகத்தின் தற்காலிகத் தூணும், பிளாஸ்டிக் நாற்காலியே அரியணையாக, நூலில் கட்டிய பேனாவே வேலாகக் கொண்டவளுமாகிய தமயந்தி வாழ்க!

எதிரே நின்றான் பன்னிரு விசைத்தறிகளின் அதிபதி ஸ்ரீதர். காலையில் மலைக்கோயிலில் முடியிறக்கிய மொட்டையில் சந்தனம் ஒளிர, புல்லட் என்னும் மதயானையைப் பள்ளி வாசலில் குறுக்கே நிறுத்தியிருந்தான். மகள் மோனிஷா கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய பழிக்காக, போன திங்களன்று ஏழாம் வகுப்பினுள் இடியெனப் புகுந்து, நாற்பது பிள்ளைகள் நடுவே புஷ்பலதா டீச்சரை நாக்கூசும் சொல்லம்புகளால் துளைத்தவன் இவனே. இன்னொரு முறை வந்தால் வேலையையே விட்டுவிடுவேன் என்று டீச்சர் அழுதிருந்தார். ஆகவே அசையவில்லை நம் வீராங்கனை.

“உள்ள ஃபேன் றெக்கையில என் பேரு எழுதிகீது. உபயம் ஸ்ரீதர்னு. அதான் என் கையெழுத்து, போய்ப் பாரு!” என்று அவன் முழங்க, சத்துணவுக் கூடத்துக் காகங்கள் எட்டுத் திசையும் சிதறின.

“ஃபேன்ல எத்தனை மணிக்கு வந்தீங்க, எதுக்கு வந்தீங்கன்னு போடலீங்க.”

“நாலெழுத்து படிச்சிட்டா சட்டம் பேசுவியா?”

“ஆங், பேசுவேன். வேலை செய்ற டீச்சரைத் தடுத்தா குற்றம்னு சட்டத்துலயே இருக்குது.”

கடலும் மலையும் எதிரெதிர் நின்றாற்போல் இருவரும் நின்றனர். நீட்டிய பேனா நீட்டியபடி, மடக்கிய கை மடக்கியபடி, ஊழிக்காலம் ஒன்று, அதாவது ஐந்து நிமிடம், கழிந்தது. அப்போது வெள்ளைக்கொடி வீசும் தூதரென ஓடிவந்தார் கௌரியம்மாள்.

“தம்பி, நீங்க என் ரூமுக்கு வாங்க. புஷ்பலதாவை வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்றேன். ஏய் தமயந்தி, நோட்டை மூடு! ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரேன்னு சொல்லிகினு இருக்காரு, கெடுத்துடாத!”

மொட்டை மின்ன வெற்றிநடை போட்டான் பகைவன்.

தமயந்தி நோட்டை மூடவில்லை. பெயர்: ஸ்ரீதர். நேரம்: 11.20. காரணம்: டீச்சரைத் திட்ட. தன் கையாலேயே எழுதி, பேனாவின் நூலைப் பல்லால் கடித்தறுத்து, பதிவேட்டைக் கேடயமெனக் கக்கத்தில் இடுக்கி, ஏழாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

“டீச்சர், கிளம்புங்க.”

புஷ்பலதா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

ரெண்டு பேரும் புகார் கொடுக்க ஷேர் ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போனாங்க.