நான் நிமிர்த்திய ஸ்பேனர்கள்

2022 செப்டம்பர் 11, ஞாயிறு. விடிவதற்குள் எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன், பால் வாங்கினேன், வாரத்துக்கான சட்டைகளைத் தேய்த்து, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி மாட்டினேன். (பள்ளி ஆய்வுக்கூட உதவியாளன் நான். குடுவைகளை உயர வரிசையில் நிற்க வைத்தே சம்பளம் வாங்குகிறவன்.) பிறகு செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அண்ணனின் பைக் மெக்கானிக் கடைக்குப் போனேன்.

அண்ணன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடை பூட்டியே கிடந்தது. அனந்தபுரத்து மெக்கானிக் பாஷா அதை எடுத்து நடத்தலாமென்று அன்று சாயங்காலம் பார்க்க வருவதாக இருந்தார். அவர் எடுத்துக்கொண்டால் வாடகையை வைத்து அண்ணி மகளோடு இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் திண்டிவனத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே கடையைப் பளிச்சென்று ஆக்கி வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

பெருக்கினேன், துடைத்தேன். கருவிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு ஸ்பேனராவது நேராக இல்லை. ஒன்று கழுத்து ஒடிந்த கொக்கு மாதிரி இருந்தது. இன்னொன்றைப் பாதியில் அறுத்து, ஒரு கம்பியோடு பற்றவைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரின் நுனியில் பள்ளம். நல்ல கருவி வாங்க வழியில்லாமல் இவற்றை வைத்தா இத்தனை காலம் பிழைத்தார் என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒவ்வொன்றாக மேசையிலிருந்த வைஸ் இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தினேன். பற்றவைத்த கம்பியை அறுத்தேன். ஸ்க்ரூடிரைவரை அரத்தால் ராவிப் பள்ளத்தை எடுத்தேன். ஒரு ஸ்பேனர் இரண்டாக முறிந்தது. (மட்டமான இரும்பு என்று அதன்மேல் பழி போட்டேன்.) எல்லாவற்றையும் நம்பர் வரிசையில் அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என் ஆய்வுக்கூடம் தோற்றது.

பாஷா வந்தார். அண்ணியும் சாவியோடு வந்து நின்றார். பாஷா பெட்டியை அடிவரை துழாவினார்.

“வளைஞ்ச ஸ்பேனருங்கோ எங்க சார்?”

“எல்லாத்தையும் நிமித்திட்டேன்” என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

பாஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. பழைய வண்டிகளில் இன்ஜின் வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட் தளர்ந்து சத்தம் போட்டால், டேங்கைக் கழற்றாமல் சந்துக்குள் கையை விட்டுச் சரிசெய்ய, அண்ணன் தானே வளைத்துச் செய்த கருவிகள் அவை. ஸ்க்ரூடிரைவரின் பள்ளம், டாப்பெட் திருகின் தலையைக் கவ்விப் பிடிப்பதற்கு. எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. அந்தக் கைவேலைக்காகத்தான் சிங்கவரம், மண்டகப்பட்டிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன.

“கடை இன்னா சார், நாலு செவுரு. நான் இதுக்குத்தான் வந்தேன்” என்றார். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்.

அண்ணி திட்டியிருந்தால் தேவலை. நிமிர்ந்த ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “உங்க அண்ணன் உசுரோட இருந்திருந்தா உங்களையே வளைச்சிருப்பாரு தம்பி” என்று சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது கோணலாக இருந்தாலும், “சித்தப்பா வர்றதுக்குள்ள ஒளிச்சி வை” என்பாள் அண்ணன் மகள். பல்லுக்குக் கம்பி கட்டச் சொன்ன டாக்டரிடம், “எங்க சித்தப்பாகிட்ட சுத்தியல் இருக்குது” என்றாளாம். நான் கடைப்பக்கம் போனால் பாஷா பேச்சை நிறுத்தாமலே பெட்டியை மூடிவிடுகிறார்.

ஆம், பாஷா திரும்பி வந்தார். மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே கடை வாசலில் நின்றிருந்தார். முதல் வேலையாக ஒரு ஸ்பேனரை வைஸில் மாட்டினோம். எந்த இடத்தில், எவ்வளவு வளைப்பதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அண்ணி உள்ளே வந்து, கடை மூலையில் நின்ற அண்ணனின் பழைய வண்டி பக்கத்தில் குந்தினார். அண்ணன் டாப்பெட் பார்க்கும்போதெல்லாம் டார்ச் பிடித்தவர் அவர்தான். இன்ஜினில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க விரல் முட்டி இடிச்சி ரத்தம் வரும் அவருக்கு. அதுக்குத் தப்பித்தான் வளைச்சாரு.”

வளைத்தோம். பொருந்தவில்லை. மறுபடி நிமிர்த்தி, மறுபடி வளைத்தோம். அண்ணி பிடித்திருந்த டார்ச் வெளிச்சம் ஆடவேயில்லை.