கத்துகிற பிரேக்கும் தோளில் ஒரு கையும்

இனி என் வண்டிக்கு நான்தான் மெக்கானிக் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். நான் குழாய்க் கடையில் விற்பனையாளன். நாள் முழுக்கத் திருகுவதைப் பற்றியே பேசுகிறவனுக்கு ஒரு ஸ்கூட்டர் சக்கரம் எம்மாத்திரம்? பின் சக்கரத்தைக் கழற்றினேன். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். மறுபடி மூடியபோது ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவள் கடையைத் தாண்டித்தான் என் கடை. தெருமுனையில் பிரேக்கை அழுத்தினேன். 'கிறீ...ச்' என்று வண்டி ஓர் அலறல் அலறியது. எதிரே நடந்து வந்தவர் தானாகவே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மனைவி பயந்துபோய் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது.

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். வண்டி நின்ற பிறகும் கையை எடுக்க மாட்டாள். பிறகு பையன் பிறந்தான், நடுவில் உட்கார்ந்தான். வளர்ந்து வெளியூருக்குப் படிக்கப் போனான். அப்பாடா, இடம் காலி என்று நினைத்தேன். அந்த இடத்தில் அவளுடைய கைப்பை வந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பாட்டு டப்பா, குடை, தண்ணீர் பாட்டில் என்று பிள்ளையைவிடக் கனம். இரண்டு கையாலும் அதைத்தான் அணைத்துக்கொண்டு வருவாள். ஒரு பையைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. ஆனாலும் பட்டேன்.

"என்னங்க, வண்டி இந்தக் கத்து கத்துது?"

"புதுக் கட்டைம்மா. பழகணும்."

"பழக எவ்வளவு நாள் ஆகும்?"

"அது கட்டையோட மனசைப் பொறுத்தது."

"கட்டைக்கு ஏதுங்க மனசு?"

"ஏன், இந்தக் கட்டைக்கு இல்லையா?"

"ரோட்டைப் பாருங்க" என்றாள். ஆனால் கை தோளிலேயே இருந்தது.

அன்றிலிருந்து நான் பிரேக் பிடிக்காத இடமே இல்லை. பூனைக்குப் பிடித்தேன். பூனை வரக்கூடும் என்று பிடித்தேன். பச்சை விளக்குக்கும் பிடித்தேன். பீரோவில் மடித்து வைத்திருந்த நல்ல சட்டைகளை எடுத்துத் தோள் பக்கம் மட்டும் இரண்டு முறை இஸ்திரி போட்டேன். கை தோளுக்கு வந்ததும் அவள் வாயும் என் காதருகே வந்துவிட்டது. கடைக் கதை சொல்ல ஆரம்பித்தாள். தூரத்தில் இருந்த எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்ற மனைவி சரியாகத் தெரியவில்லையாம். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும். மீதிப் பாதியை நினைத்துக்கொண்டே குழாய் விற்றேன். சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். இந்த வயதில்தான் ரொம்பத் தேவையாக இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சத்தம் தாங்காமல் ஒருநாள் என்னை மடக்கினார்.

"கட்டையோட ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களா சார்?"

"இல்லையே."

"அதான் கத்துது. கழட்டி ரெண்டு தேய் தேய்ச்சா வாயை மூடிடும்."

"மெதுவாப் பேசுங்கண்ணே."

"ஏன்?"

"வண்டி காதுல விழுந்துடப் போகுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராத்திரியில சரியாத் தூங்குறீங்கல்ல சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வெளியே வந்தேன். வண்டியின் பின் சக்கரம் தரையில் தனியாகக் கிடந்தது. மனைவி முக்காலி போட்டு உட்கார்ந்து, பிரேக் கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எதிர்வீட்டு அண்ணன் சொன்னார். உங்ககிட்டயும் சொன்னாராமே?"

"சொன்னாரா? ஞாபகம் இல்லையே."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அடுத்தவர் கண்ணைப் பார்த்தே சம்பாதிக்கிறவள். அவளிடம் என் பொய் எத்தனை நேரம் நிற்கும்? உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அது கத்தினாத்தான் நீ தோளைப் பிடிக்கிறே."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பிடிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கேட்டு வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"ஊரைக் கூட்டி வாங்கினா மட்டும் நல்லா இருக்கா?" என்றாள். உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "நாம அப்படிப் போனதெல்லாம் எனக்கு மட்டும் மறந்துடுமாங்க? எனக்கும் ஆசைதான்."

இத்தனை வருஷம் ஒரே வண்டியில் போய்க்கொண்டு, இரண்டு பேரும் ஒரே ஏக்கத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

"சரி, இனிமே பை காலடியில. தினமும் தோள்ல கை இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்!"

"அப்ப சாவியைக் குடுங்க. நாளையிலிருந்து நான் ஓட்டுறேன்."

"நீயா?"

"கல்யாணம் ஆனதிலிருந்து உங்க முதுகைத்தானே பார்த்துட்டு வர்றேன்? எனக்கும் ரோட்டைப் பார்க்கணும்னு ஆசை இருக்காதா? எடுத்து வெச்ச லைசென்ஸ் சும்மாத்தான் கிடக்குது."

"அப்ப தோள்ல கை...?"

"இருக்குமே. என் தோள், உங்க கை."

சத்தியம் செய்தவன் என்ன பேச முடியும்? மறுநாள் அவள் முன்னால், நான் பின்னால். ஆசையாகத்தான் தோளில் கை வைத்தேன். தெருமுனை வந்தது. வேகம் குறையவில்லை. அடுத்த முனையும் வந்தது. அப்போதும் குறையவில்லை. பிரேக் பிடிக்கும் வழக்கமே அவளுக்குக் கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வண்டி இப்போது கத்துவதே இல்லை. முனைக்கு முனை கத்துவது நான்தான்.