அபகரின் பல்லும் அரசின் கருணையும்

வலியைத் தரம் பிரித்த பெருமை உலகிலேயே ஜெர்மனிக்குத்தான் உண்டு. மற்ற நாடுகளில் வலி என்றால் வெறும் வலி. இங்கே அடைக்கலம் கேட்டு வந்தவருக்கு, முதல் மூன்று வருடங்கள், புதிதாக வந்த 'கடும் வலி' என்றால்தான் வைத்தியம். அது கடும் வலிதானா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை, மருத்துவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், நகர அலுவலக அதிகாரி திருமதி ஹின்ரிக்ஸிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

சூடானிலிருந்து வந்த அபகருக்குக் கடைவாய்ப் பல் குடைந்தது. மெல்லுவதற்கென்று அவருக்கு மிஞ்சியிருந்ததே அது ஒன்றுதான். விடுதியில் போடும் கறுப்பு ரொட்டியோ கருங்கல். அந்தப் பல்லை எப்பாடு பட்டாவது காப்பாற்றிவிடுவது என்று அலுவலகத்துக்குப் போனார்.

"எப்படி இருக்கீங்க, அபகர்?"

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா. நீங்க சுகமா? புள்ளைங்க சுகமா? அம்மாவுக்கு உடம்பு தேவலையா? ஆடு மாடெல்லாம்..."

அபகரின் ஊரில் நலம் கேட்டவரிடம் எடுத்த எடுப்பில் நோயைச் சொல்லுவது மகா மரியாதைக்கேடு. ஹின்ரிக்ஸ் நெகிழ்ந்துபோனார். 'நலமாக உள்ளார்' என்று பதிந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அடுத்த தடவையும் அதே கதைதான்.

பக்கத்து அறை லெம்லெம், எரித்ரியாக்காரி, தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, அந்தம்மா வீட்டு ஆட்டை விசாரிக்கவா போனீங்க? உள்ள நுழைஞ்சதும் 'ஐயோ'ன்னு கத்தணும். எங்க, கத்துங்க பாப்போம்."

"சலாம் சொல்லாம எப்படித் தங்கச்சி கத்துறது? வளர்ப்பு சரியில்லன்னு நெனைப்பாங்களே."

"நெனைச்சா நெனைக்கட்டும். நல்ல வளர்ப்புக்கு வைத்தியச் சீட்டு குடுக்க மாட்டாங்க."

மூன்றாம் தடவை அவளே கூட வந்தாள். ஹின்ரிக்ஸ் நலம் கேட்டதும், அபகரின் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஐயோ!"

"அடடா! எவ்வளவு நாளா வலி?"

"ஒரு மாசமாம்மா" என்றார் அபகர். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒரு மாசமா? அப்ப அது பழைய வலியாச்சே! பழைய வலிக்குச் சட்டத்துல இடமில்லையே."

லெம்லெம் மறுபடி மிதித்தாள். இந்தத் தடவை குதிகாலால்.

"ஐயய்யோ!"

"ஆமா, இது புதுசுதான்" என்று ஒப்புக்கொண்டு, நேர்மையான அந்த அதிகாரி உடனே சீட்டு கொடுத்தார்.

பல் மருத்துவர் யெப்சன் இளைஞர், தங்கமானவர். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"அருமையான பல்லுங்க! வேர் வைத்தியம் பண்ணினா இன்னும் முப்பது வருஷம் ஓடும்."

அபகருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆனா இந்தச் சீட்டு வலியைப் போக்கத்தான், பல்லைக் காப்பாத்த இல்ல. வலி போக மலிவான வழி, பிடுங்குறது. கவலைப்படாதீங்க, மூணு வருஷம் முடிஞ்சதும் எல்லாப் பல்லுக்கும் முழு வைத்தியம் உண்டு."

"எந்தப் பல்லுக்கு டாக்டர்?"

யெப்சன் இடுக்கியை எடுத்தார். வலியோ உயிரை வாங்கியது. அழுகையை அடக்கிக்கொண்டு வாயைத் திறந்தார் அபகர். மரத்துப்போக ஊசி போட்டு, இடுக்கியால் பல்லைப் பிடித்து இழுத்தார் யெப்சன். வியர்த்துக் கொட்டியதே தவிரப் பல் அசையவில்லை.

"என்ன பல்லுங்க இது!"

"ஊர்ல பட்டாளத்தான் துப்பாக்கிக் கட்டையால மூஞ்சியில அடிச்சான் டாக்டர். மத்ததெல்லாம் விழுந்திருச்சு. இது மட்டும் விழல."

"காட்டுமிராண்டிப் பசங்க!" என்று உண்மையாகவே கண்கலங்கிய யெப்சன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இடுக்கியைப் பிடித்தார். காட்டுமிராண்டிகளால் ஆகாததை, துளி வலி தெரியாமல், சட்டப்படி முடித்துக் கொடுத்தது நாகரிகம்.