பேர் சொல்லாத மருந்து

தை மாதக் குளிரில் என் வீட்டுக்காரர் ஜோதிலிங்கம் ஒரு பிரகடனம் செய்தார்.

"பிள்ளைக்குப் பனி ஆகாது. இனி என்ன வேணும்னாலும் நானே வாங்கிட்டு வந்துடுறேன். நீ படி இறங்காதே."

டெல்லி குமாஸ்தா சொன்னால் சர்க்காரே சொன்ன மாதிரி. அன்றிலிருந்து கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நானும் கைப்பிள்ளையும்தான். அக்கம்பக்கமெல்லாம் இந்தி. எனக்குத் தெரிந்தது 'அச்சா' ஒன்று. பகல் முழுக்க குக்கரோடு தமிழில் பேசுவேன். அது விசிலடித்துவிட்டு அடங்கிவிடும். கடைவீதிப் பக்கம் போனால் ஒரு தமிழ்க் குரலாவது காதில் விழாதா என்றிருந்தது.

"என்னங்க, பிள்ளைக்கு உரசி ஊத்தணும். பேர் சொல்லாதது வேணும்."

"எது?"

"அதான், பேர் சொல்லாதது."

வசம்புதான். எழுதலாம், பிள்ளை இருக்கிற வீட்டில் வாயால் சொல்லமாட்டோம்.

"பேர் தெரியாம கடையில எப்படிக் கேக்கிறது?"

"அதுக்குத்தான் நானும் வர்றேங்கிறேன்."

"நீ வேண்டாம்."

முதல் நாள் சுக்கு வந்தது. மறுநாள் அதிமதுரம். அப்புறம் ஏதோ ஒரு வேர். அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

ஒரு சாயங்காலம் ஜெயித்தவர் மாதிரி வந்தார். "ஆபீஸ்ல ஜம்புகிட்ட கேட்டேன். இந்தியில 'பச்'சாம். பேரைச் சொன்னேன், கடைக்கார பையா உடனே கட்டிக் குடுத்துட்டான்."

பிரித்தேன். அசல் வசம்பு. நெடி மூக்கில் ஏறியது. சரி என்று தலையாட்டினால் நான் மறுபடி குக்கரோடுதான்.

"பேர் சொல்லியா வாங்குனீங்க?"

"ஆமா."

"அப்ப ஆகாது. பெத்தவளே போய், வாய் திறக்காம, கையைக் காட்டி வாங்கணும்."

பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சால்வையை எடுத்துக் கொடுத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கடைக்கு வந்தார்.

"க்யா சாஹியே?" என்றான் கடைக்காரன். நான் ஜாடியை நோக்கி விரலை நீட்டினேன். பக்கத்திலிருந்து இன்னொரு விரல், அதுவும் சத்தமில்லாமல், அதே ஜாடிக்கு நீண்டது. திரும்பினேன். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி.

"தமிழா?" என்றேன்.

"பின்னே?" என்றாள்.

பேர் அம்சவேணி. ரெண்டு தெரு தள்ளி வீடு. அவளுக்கும் பகலில் பேச ஆளில்லை. பேசினோம். என் பிள்ளை இவர் தோளில் தூங்கி, எழுந்து, மறுபடி தூங்கிவிட்டது.

"அதான் வாங்கியாச்சே, கிளம்பலாமா?" என்றார்.

"இன்னும் ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் இருக்குங்க. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணுதான் வாங்கணும்."

"இதுவும் உங்க ஊர் வழக்கமா?"

நான் வாய் திறக்குமுன் அம்சவேணி சொன்னாள்: "எங்க ஊர்லயும் அப்படித்தாண்ணே."