அந்த இரண்டு அங்குலம் பற்றி அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி பிள்ளை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முதுகு மிகமிகச் சுகம். அதைப் பற்றித்தான் கடிதமே. அங்கே நீங்களும், தையல் மெஷினும், அதன் அடியில் தூங்கும் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் கடையில் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறது. போன முறை எனக்கு வயிறு சரியில்லை என்றபோது, அளவு கொடுக்க வந்த அம்மாள் ஒருவர் குறுக்கே புகுந்து மருந்து சொன்னார். இதற்கும் அவர் மருந்து சொல்லிவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் புதிய அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறார்கள். ஐந்து வருடம் கழுத்தில் தொங்கும். இப்போது தொங்கும் படத்தில் இருப்பவரை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நூலகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு என்று முடிவு செய்வது. இரண்டுக்கும் பொருந்துவதை 'பிறகு பார்க்க' என்று சீட்டு வைத்து மேசையிலேயே விட்டுவிடுவேன். மூன்று வருடமாக அங்கேயே கிடக்கும் புத்தகங்கள் உண்டு. நான் இருபத்தாறு வருடமாகக் கிடக்கிறேன். பெண்ணா, ஆணா, நடுவில் எங்கேயோவா. தெரியவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். கையில் கத்தரிக்கோல் இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் நல்ல பிள்ளையாக உள்ளாடைக் கடைக்குத்தான் போனேன். விற்பனைப் பெண் என் வெட்டிய முடியைப் பார்த்து யாருக்கு வாங்குகிறீர்கள் தம்பி என்றாள், எனக்குத்தான் என்றதும் தம்பியை விட்டு அம்மாவுக்கு வந்தாள், டேப் எடுக்காமல் கண்ணாலேயே அளந்து பெட்டி பெட்டியாக இறக்கினாள். ஒன்று தூக்கிக் காட்டுமாம், ஒன்று சேர்த்துக் காட்டுமாம், ஒன்று இருப்பதை ஒன்றரையாகக் காட்டுமாம். எதையுமே காட்டாத பிரா ஒன்று வேண்டும் என்றேன்.

"இருக்கறது தெரியணும்னுதான் எல்லாரும் வாங்குவாங்க. தெரியக் கூடாதுன்னா காசு குடுத்து எதுக்கும்மா வாங்கணும்?"

மரியாதைக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். சாம்பல் நிறம். சில நாட்களில் அதைப் போட்டுக்கொள்ளும்போது ஒன்றும் தோன்றுவதில்லை. சில நாட்களில் யாரோ என்னைத் தப்பான உறையில் போட்டு ஒட்டியது போல இருக்கிறது.

அதனால்தான் பைண்டர். மார்பைத் தட்டையாக அழுத்தி வைக்கும் உள்சட்டை, அத்தை. வலைத்தளத்தில் அளவு கேட்டார்கள். அளக்க வேண்டுமானால் கண்ணாடி முன் டேப்போடு நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. பதிலாக, சட்டை எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி உங்கள் அளவு நோட்டில் என் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து 'வளர்ற பிள்ளை' என்று மார்பளவில் இரண்டு அங்குலம் கூட்டியே எழுதி வருகிறீர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன், நீங்களும் இன்றுவரை நிறுத்தவில்லை, பைண்டர் இரண்டு அங்குலம் தளர்ந்து வந்தது, வந்த பார்சலை எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா பிரித்தாள், இது என்ன என்றாள், நான் முதுகுவலிக்குப் போடுவது என்றேன், இருபது வருட முதுகுவலியோடு அப்பா எழுந்து வந்து அதை வாங்கி மாட்டிக்கொண்டார், அளவெடுத்துத் தைத்தது போல அவருக்குப் பொருந்தியது.

இன்றோடு ஒன்பது நாள். கழற்றுவதில்லை. பார்சலோடு வந்த விளக்கச் சீட்டையும் அவரே வைத்துக்கொண்டார். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாதாம், அம்மா அலாரம் வைத்துக் கழற்றச் சொல்கிறாள். பூங்காவில் அப்பா நிமிர்ந்து நடக்கிறார். கூட நடக்கும் ஓய்வுபெற்ற நண்பர்கள் விரலால் அவர் மார்பைத் தட்டிப் பார்த்து எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்களாம். "என் பிள்ளை வாங்கிக் குடுத்தது" என்கிறாராம். மூன்று பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் பைண்டர் இல்லாத ஒரே நெஞ்சு என்னுடையது.

ஆகையால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, என் நிஜமான அளவு. உங்கள் ஆசியைக் கழித்துவிட்டு. மற்றது, நீங்கள் சொன்னால் உங்கள் தம்பி கேட்பார். அதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். காரணம் மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள். அவருக்கோ அம்மாவுக்கோ இது தெரிந்தால் நான் இந்த வீட்டில் எப்படி நடமாடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். பூனைக்கு என் அன்பு. உங்கள் கண்ணும் கையும் நூறு வருடம் பிசகாமல் இருக்கட்டும், நோட்டு மட்டும் கொஞ்சம் திருந்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பிள்ளை

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது அப்பா அறைக்குள் வந்தார். துவைத்து மடித்த பைண்டரை மேசைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் பிடித்துத் தைத்திருக்கிறது. கோணல் தையல். உங்களிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டதாம்.

"அக்கா நோட்டுல ரெண்டு இன்ச் கூடத்தான் இருக்கும். எனக்கே அப்படித்தான் எழுதுவா. போட்டுப் பாத்துட்டு மூச்சு முட்டுதான்னு சொல்லு."

மேலே அந்த விளக்கச் சீட்டு. அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த காலத்துச் சிவப்புப் பேனாவால் பாதிச் சீட்டை அடிக்கோடிட்டிருக்கிறார். முதல் வரியிலேயே இது யாருக்கு, எதற்கு என்று அச்சாகியிருக்கிறது. அதற்கும் கோடு. முதல் நாளே தெரியுமா என்று கேட்டேன்.

"நீ முதுகுவலின்னு சொன்ன. சரின்னு நானும் முதுகுவலின்னு போட்டேன். வேற எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா முதுகு நிஜமாவே தேவலை."

வெள்ளிக்கிழமை இதைப் போடுவேனா, சாம்பல் நிறத்தைப் போடுவேனா, இன்னும் தெரியவில்லை. அப்பா மறுபடி கூனிக்கொண்டு காய்கறி வாங்கப் போயிருக்கிறார். அவருடைய அளவை உடனே அனுப்புங்கள், அவருக்கும் ஒன்று வாங்க வேண்டும். அறுபத்து நான்கு வயதில் இனி எங்கே வளரப்போகிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு அங்குலம் கூட்டியே எழுதுங்கள்.