பூஜ்யத்தில் முப்பது சதவீதம்

உணவை வீணாக்குவது தேசத்துக்குக் கேடு என்று அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தது. முடிவு செய்த கையோடு 'உணவு விரயக் குறைப்பு ஒருங்கிணைப்பு இயக்ககம்' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஏழு மாடிக் கட்டடம் ஒதுக்கி, எல்லாக் கேண்டீன்களுக்கும் ஒரு படிவம் அனுப்பியது. பஸ் பணிமனைக் கேண்டீனுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

அந்தக் கேண்டீனை அக்காவும் அவள் புருஷனும் பதினோரு வருஷமாக நடத்தி வந்தார்கள். அவளைவிட மூத்த டிரைவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படிவத்தின் நாலாவது கட்டத்தில் 'தினசரி வீணாகும் உணவு, கிலோவில்' என்று இருந்தது. அக்கா யோசிக்காமல் பூஜ்யம் என்று எழுதினாள்.

அது சத்தியமான உண்மை. காலையில் டூட்டிப் பலகையைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை வாய் என்று எண்ணிவிட்டுத்தான் அவள் அடுப்பையே பற்ற வைப்பாள். கேரட் தழை சூப்புக்குப் போகும். நேற்றைய ரொட்டி இன்றைக்குத் தூளாகி, உருளைக்கிழங்கின் மேல் மொறுமொறுவென்று உட்காரும். முட்டைக்கோஸின் தடித்த மட்டை வாட்ச்மேனின் ஆட்டுக்கு. தட்டில் மிச்சம் வைப்பதற்கோ அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

பத்தாம் நாள் படிவம் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. பின்னாலேயே இயக்ககத்தின் துணை அளவீட்டு அலுவலரும் வந்தார். அவ்வளவு நீளமான பதவியைச் சொல்ல நேரமில்லாததால் பணிமனையில் அவருக்கு 'விரயம் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க," என்றார் விரயம் சார்.

"ஆமா சார். எதுவும் வீணாப் போறதில்ல."

"அதாம்மா பிரச்சினை."

அவர் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். முட்டை ஓடும் கிழிந்த கையுறை ஒன்றும் கிடந்தன. அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வெளியே போய் ஆட்டையும் சந்தேகக் கண்ணோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார்.

"ஒவ்வொரு கேண்டீனும் விரயத்துல முப்பது சதவீதம் குறைக்கணும். அதுதான் இலக்கு. பூஜ்யத்துல முப்பது சதவீதம் எவ்வளவு?"

"பூஜ்யம்."

"அப்ப நீங்க எவ்வளவு குறைப்பீங்க?"

"ஒண்ணும் குறைக்க முடியாது."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. குறைக்காத கேண்டீனுக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. விதி பதினேழு."

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த புருஷன் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க என்னதான் சார் செய்யணும்?"

"முதல்ல வீணாக்கணும். ஒரு மாசம், தினமும் பத்துப் பத்து கிலோ. அது உங்க அடிப்படை விரய அளவு. அப்புறம் நிதானமாக் குறைச்சுக்கலாம்."

"மனசு வரணுமே சார்," என்றாள் அக்கா.

"ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார் அவர், ஊசி போடப் போகிற டாக்டரின் கனிவோடு. பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கடைசி ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து வாயில் போட்டபின்தான் அவருக்குச் சுருக்கென்றது. "அடிப்படை மாசம் நாளைக்குத்தான் ஆரம்பிக்குது," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் அக்கா பத்து கிலோ கூடுதலாகச் சமைத்தாள். நல்ல நாளாக இருக்கிறதே என்று எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை நிறுக்க வைத்த தராசு பூஜ்யம் காட்டியது. அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மடங்கு உப்புப் போட்டாள். பணிமனை வெல்டர் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான்க்கா நாக்குக்கு ருசி தெரியுது," என்றான். பதினோரு வருஷமாகக் கிள்ளிக் கிள்ளி உப்புப் போட்ட அக்கா உப்பு ஜாடியை எட்டாத பலகையில் தூக்கி வைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். "இந்த ஒரு மாசம் ஆளுக்கு ஒரு கை மிச்சம் வைங்க. இல்லேன்னா கேண்டீன மூடிருவாங்க."

அக்காவுக்காக அவர்கள் எதையும் செய்வார்கள். ஆனால் இது கொஞ்சம் அதிகம். வெல்டர் ஒரு கிழங்குத் துண்டை ஒதுக்கி வைத்தான். அதையே பார்த்தான். எடுத்துத் தின்றான். இன்னொன்றை ஒதுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து ஓடினான். அன்று தராசு மூன்று கிலோ காட்டியது. அதைக் கொட்டும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் ஆறு கிலோ. மூன்றாம் வாரம் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்குவது மாடி ஆபீஸில் ஆரம்பித்து மெக்கானிக்குகள் வரை இறங்கிவந்தது. வழித்துச் சாப்பிடுகிறவனைப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். "வீட்டுல சோறு போடறதில்லையா?" என்று ஒரு கண்டக்டரை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். பாவம், மறுநாள் அவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மாதத்தின் கடைசி வாரம் சராசரி பதினொன்றரை கிலோ. விரயம் சார் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள மாதிரி யாரும் ஒத்துழைச்சதில்லம்மா."

"போதும்ப்பா, இனிமே யாரும் மிச்சம் வைக்க வேணாம்," என்று அடுத்த நாளே அக்கா அறிவித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வைத்துவிட்டும் போனார்கள். கேட்டதற்கு, "இறங்க மாட்டேங்குதுக்கா," என்றான் வெல்டர். உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னான்.

அடுத்த மாதப் படிவத்தில் அவள் இருக்கிறபடியே எழுதினாள்: பதினொன்றரை கிலோ. விரயம் சார் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

"இத எழுதாதீங்க. நீங்கதான் முன்மாதிரிக் கேண்டீன்னு அறிக்கையே அச்சாயிடுச்சு. பூஜ்யம்னு போடுங்க."

"நெஜமாவே பூஜ்யமா இருந்தப்ப நீங்க ஏத்துக்கலையே சார்."

"அப்ப நீங்க எதையும் குறைக்கலயே. இப்ப பதினொண்ணரைலேர்ந்து பூஜ்யம். நூறு சதவீதம்."

"தொட்டி நிரம்பி வழியுதே?"

"தொட்டிக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் உரிமம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். அவள் பூஜ்யம் போட்டாள். அந்த வட்டம் இந்தத் தடவை கொஞ்சம் கோணலாக வந்தது. ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது, மகள் அரைக் கிழங்கை ஒதுக்கிவிட்டு எழப் பார்த்தாள்.

"உக்காரு. அத யார் திம்பா?" என்று அதட்டினாள் அக்கா.

மகள் அம்மாவின் தட்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு ரொட்டித் துண்டும் ஒரு கை உருளைக்கிழங்கும் ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருந்தன. எப்போது ஒதுக்கினோம் என்று அக்காவுக்கே தெரியவில்லை. கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். இறங்கவில்லை.

வீடுகளுக்கான படிவம் இன்னும் வரவில்லை. வந்தால் என்ன எழுத வேண்டும் என்று இப்போது எல்லா வீட்டிலும் தெரியும்.