மாப்பிள்ளை அனுப்பிய ஹெட்லைட்டுகள் குறித்து

அன்பும் பண்பும் உதிரிபாகக் கடையும் உடைய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காளைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா, நான், லாரி மூவரும் இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயம் என்னவென்றால், நீங்கள் அன்போடு அனுப்பிய ஹெட்லைட்டுகளை அதே அன்போடு திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோபத்தில் எழுதவில்லை. போனில் சொன்னால் நீங்கள் சிரித்துச் சிரித்தே என்னைப் பேசவிட மாட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாகவே லாரியில் வெளிச்சம் பத்தவில்லை என்று உங்களிடம் புலம்பிக்கொண்டிருந்தேன் அல்லவா? பல்பை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், பல்பை மூடியிருக்கிற வட்டக் கண்ணாடி டூமைத் துணி போட்டுத் துடைத்தேன். இருட்ட ஆரம்பித்தால் சாலை முழுவதும் யாரோ பால் ஊற்றிவிட்டது மாதிரியே இருந்தது. நீங்கள், "பல்பை மாத்தி என்ன பண்ணப் போறீங்க மச்சான்? அந்த வட்ட மூஞ்சியையே மாத்திடுவோம். இப்ப வர்ற வண்டியெல்லாம் எப்படி முறைச்சுப் பாக்குது பாருங்க" என்றீர்கள். எனக்கும் ஆசைதான். தொழிற்சாலையிலிருந்து மேசை நாற்காலி ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகிறவன் நான். போகிற இடத்திலெல்லாம் புது லாரிகளுக்குப் பக்கத்தில் என் லாரி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டது மாதிரி வட்ட முழி முழித்துக்கொண்டு நிற்கும்.

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். சாய்ந்த கண், உள்ளே அடுக்கடுக்காகச் சின்ன விளக்குகள், சுற்றி வெள்ளை வளையம். அழகுதான், குறை சொல்ல மாட்டேன். நம் பட்டறை எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எதைக் கேட்டாலும் "கனெக்‌ஷன்தாண்ணே" என்பதால் எல்லோருக்கும் அவர் 'கனெக்‌ஷன்'.

"ஓட்டை வட்டமா இருக்கு, லைட்டு கோணலா இருக்கே, எப்படி உக்காரும்?" என்று கேட்டேன்.

"வட்டமா இருக்கறதாலதானேண்ணே வெட்டறோம்?" என்றார்.

வெட்டினார். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. அதற்குச் சமமாக வலது பக்கம் வெட்டினார், அது இன்னும் அதிகமாகப் போய்விட்டது. மறுபடி இடது பக்கம் போகப் பார்த்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். இல்லாவிட்டால் இன்றைக்கு ரேடியேட்டரை நேருக்கு நேர் பார்க்கலாம். இடைவெளியை எல்லாம் தகரம் வைத்துப் பட்டி போட்டு அடைத்தார். அதன்மேல் பெயின்ட் அடிக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். லாரியின் நீலம் என்ன நீலம் என்று என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

அடுத்தது ஒயரிங். ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தேன், வைப்பர் ஆடியது. பிரேக்கை மிதித்தேன், ஹாரன் அடித்தது. "சின்னக் கனெக்‌ஷன்தாண்ணே" என்று சொல்லி அன்று முழுவதும் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கிடந்து, அத்தனையையும் சரிசெய்தார். வளையத்தைத் தவிர. சாவியைக் கழற்றி எடுத்த பிறகும் வளையம் எரிந்துகொண்டே இருக்கிறது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினால்தான் லாரி கண்ணை மூடும்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனால் வாசலில் காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. "எந்தக் கம்பெனி வண்டி?" என்றார். தலையை வெளியே நீட்டிக் காட்டினேன். "உங்க மூஞ்சி தெரியுதுண்ணே. வண்டி மூஞ்சிதான் தெரியல" என்றார். உள்ளே விட்ட பிறகும் லாரியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வெளிச்சம் மட்டும் அப்படியேதான் இருந்தது, மாப்பிள்ளை. பால் ஊற்றிய சாலை, கூடவே விளக்கைச் சுற்றி ஒரு புகை. கனெக்‌ஷனைக் கூப்பிட்டு விளக்கை இன்னும் தூக்கி வைக்கச் சொன்னேன். வைத்தார். அதன் பிறகு எதிரே வந்த டிரைவர்கள் எல்லோரும் வண்டியை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டி, என் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

உங்கள் அக்கா மட்டும் விளக்கு நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "உன் தம்பி அனுப்பினது. ஒரு ரவுண்டு வந்து பாரு" என்று ஒரு சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். விளக்குப் போடும் நேரம். கடைத்தெரு தாண்டி வளைவில் திரும்பினால், எதிரே ஒருவன் என் பாதையிலேயே வருகிறான். அதே சாய்ந்த கண், அதே வெள்ளை வளையம். "பாத்தியா, அதுக்குள்ள ஒருத்தன் காப்பியடிச்சிட்டான்" என்றேன். டிம் அடித்தேன். அவனும் டிம் அடித்தான். பிரைட் போட்டேன். அவனும் பிரைட் போட்டான். இடது பக்கம் ஒதுங்கினேன், அவனும் சரியாக என் பக்கமே ஒதுங்கினான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "திமிரப் பாரு! நான் ஏன் நிறுத்தணும், அவன் நிறுத்தட்டும்" என்று நேராக விட்டேன்.

"நிறுத்துங்க! அது நம்ம லாரிங்க! கண்ணாடி! கண்ணாடி!" என்று உங்கள் அக்கா போட்ட சத்தத்தில் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

லாரி நின்ற இடத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். பீரோவுக்குப் பதிக்கிற ஆளுயரக் கண்ணாடி. அதை ஒரு மரச் சட்டத்தில் நிறுத்தி, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். என் விளக்கு முகத்தில் அடித்ததும் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. போட்டுவிட்டு ஓடவும் மனசில்லாமல் அப்படியே நின்றுவிட்டார்கள். இறங்கிப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "கண்ணாடின்னு தெரியலப்பா" என்றேன்.

முன்னால் பிடித்திருந்தவர் வயதில் என்னைவிடச் சின்னவர். அவர் திட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "கண்ணாடி தெரியல, சரிண்ணே. அதைப் பிடிச்சிட்டிருக்கற நாங்க ரெண்டு பேருமா தெரியல?"

மாப்பிள்ளை, சத்தியமாக அவர்கள் எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆள், வெள்ளைச் சட்டை போட்ட ஆள்.

உங்கள் அக்கா லாரி சாவியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாளைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரி" என்றாள். வளையம் எரிந்துகொண்டே இருக்கும் லாரியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியில் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பாசமா, பள்ளத்தில் விழுந்துவிடுவேன் என்ற பயமா என்று நான் கேட்கவில்லை.

கண் டாக்டர் சின்ன வயசு அம்மா. நாற்காலியில் உட்கார வைத்து எதிர்ச் சுவரில் உள்ளதைப் படிக்கச் சொன்னார். "லைட்டைப் போடுங்கம்மா, படிக்கறேன்" என்றேன். "போட்டுத்தாங்க இருக்கு" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் அக்கா தொண்டையைச் செருமினாள். அதில் ஒரு பிரசங்கமே இருந்தது. இரண்டு கண்ணிலும் புரையாம். நன்றாக முற்றியிருக்கிறதாம். "இவ்வளவு நாள் எப்படி வண்டி ஓட்டினீங்க?" என்று டாக்டர் கேட்டார். பழக்கத்தில்தான் ஓட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது உங்கள் அக்காவின் முகம். காதோரமெல்லாம் நரைத்திருக்கிறது. "இது எப்ப?" என்று கேட்டேன். "நீங்க பல்பு மாத்திட்டிருந்தப்ப" என்றாள்.

வீட்டுக்கு வந்து, கனெக்‌ஷன் கொண்டுவந்து நிறுத்தியிருந்த லாரியைப் பார்த்தேன். மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஒரு கண் மேலே ஏறி, ஒரு கண் கீழே இறங்கி, சுற்றிலும் பட்டி புண் மாதிரி வீங்கிக்கிடக்கிறது. நான் பார்த்துப் பார்த்து அடித்த நீலம் நீலமே இல்லை, பச்சை. "ஏன்டி, இதையாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "சொன்னேனே. எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு சொன்னீங்க" என்றாள்.

ஆகவே, பழைய மாதிரி வட்ட டூம் ஒரு ஜோடி உங்கள் கடையில் எங்காவது கிடந்தால் உடனே அனுப்பி வைக்கவும். இவற்றைக் கழற்றித் திருப்பி அனுப்புகிறேன். குறை விளக்கில் இல்லை, ஓட்டியவனிடம்தான். இருந்தாலும் அந்த லாரியை இந்த முகத்தோடு என்னால் பார்க்க முடியவில்லை. நான் மறுபடி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்கிற வரை ஒரு டிரைவர் வருகிறார். அவரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் லாரியின் முகத்தைப் பற்றி எதுவும் பேசாமல் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பார்வை சுகத்தோடும் தெம்போடும் நீடூழி வாழ வேண்டும். நீங்களும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டு வருவது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: வட்ட டூம் அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, விளக்கைக் கழற்றப்போகும் விஷயத்தை உங்கள் அக்காவிடம் சொன்னேன். "அதை ஏன் கழட்டறீங்க? இருக்கட்டும்" என்றாள். அசிங்கமாக இருக்கிறதே என்றேன். "இருக்கட்டுமே. முன்னெல்லாம் எந்த லாரி சத்தம் கேட்டாலும் ஜன்னல்ல வந்து எட்டிப் பாப்பேன். உங்களுதா இருக்காது. திரும்பிப் போவேன். மறுபடி சத்தம் கேக்கும். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே வேலை. இப்ப அந்தக் கோணக் கண்ணு தெருமுனையில திரும்பறப்பவே நம்ம வண்டின்னு தெரிஞ்சிடுது. நீங்க ஓட்ட ஆரம்பிச்சப்புறமும் அப்படித் தெரியட்டும்" என்றாள். அவள் ஜன்னலில் நிற்பாள் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடவும். புதிதாக எழுதி அனுப்பலாம் என்றால், இதற்கு மேல் எழுத டாக்டர் அனுமதி இல்லை.